பழைய நாலு கேமரா செட்டுக்குப் புது எக்ஸ்விஆர்: எதை மாற்றலாம், எதைத் தொடவே வேண்டாம்

சென்னையில் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாகப் பிரசாரம் செய்த 2017, 2018 காலத்தில் வீட்டு வாசல்களில் ஏறிய கேமராக்களுக்கு ஏழெட்டு வயது தாண்டிவிட்டது. அப்போது பொருத்திக் கொடுத்த செட் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: படத்தைப் பதியும் நாலு சேனல் டிவிஆர் பெட்டி, 1 அல்லது 2 மெகாபிக்சல் கேமரா நாலு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், எல்லாக் கேமராவுக்கும் சேர்த்து ஒரே 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் பெட்டி), 90 மீட்டர் சுருளாக வரும் 3+1 கேபிள் (படத்துக்கு ஒரு கோஆக்சியல், மின்சாரத்துக்கும் ஒலிக்கும் மூன்று மெல்லிய கம்பி). இன்று அதே வீடுகளில் ராத்திரியானால் ஒரு கேமரா கண்ணை மூடிக்கொள்கிறது. இன்னொன்று வெள்ளைப் புகையைக் காட்டுகிறது. டிவிஆர் விட்டு விட்டுக் கத்துகிறது. கூப்பிட்டதும் வரும் ஆள் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் கழட்டிட்டு ஐபி போட்டுடலாம் சார்” என்கிறார். ஐபி என்றால் நெட்வொர்க் கேபிளில் ஓடும் கேமரா.

கழற்ற வேண்டாம். சுவருக்குள் ஓடும் அந்தக் கோஆக்சியல் கேபிள் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே 5 மெகாபிக்சல் படம் ஓடும். அந்தக் கேபிளை வைத்துக்கொண்டே பெட்டியை மட்டும் மாற்ற வழி செய்வது ‘5-இன்-1’ எக்ஸ்விஆர் என்னும் புது ரக டிவிஆர். இங்கே எடைபோடப்படுவது அதுவும், அதோடு சேர்த்து வாங்க வேண்டிய சில்லறைச் சாமான்களும். ஆனால் பெட்டிக்குப் போகும் முன்னால் மின்சாரத்தைப் பார்த்தாக வேண்டும். பழைய செட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி கேமராவிலும் இல்லை, டிவிஆரிலும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலும் மூட்டுகளிலும்தான் இருக்கிறது.

மல்டிமீட்டர் முதலில்

பகலில் நன்றாக இருக்கும் கேமரா இருட்டியதும் விட்டு விட்டு வருகிறது, அல்லது ‘வீடியோ லாஸ்’ என்று காட்டுகிறது என்றால் கேமரா மேல் பழி போடாதீர்கள். இருட்டினால் அகச்சிவப்பு எல்இடிகள் எரியும். பகலில் 0.15 ஆம்ப் அளவில் இழுத்த கேமரா, ராத்திரி 0.35 ஆம்ப் வரை இழுக்கும். 3+1 கேபிளில் மின்சாரம் போகும் கம்பி மெலிசு. அது 0.2 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு என்றே வைத்துக்கொண்டாலும், 30 மீட்டர் தூரத்துக்குப் போக வர மொத்தத் தடை சுமார் 5.2 ஓம். 0.35 ஆம்ப் ஓடும்போது 1.8 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி என்றால் (மலிவு ரோல்களில் பெரும்பாலும் அதுதான்) கிட்டத்தட்ட 2.8 வோல்ட். பிறந்த இடத்திலேயே 12 வோல்ட் சரியாக இருந்தால்கூடக் கேமராவுக்குக் கிடைப்பது 9.2. எஸ்எம்பிஎஸ்ஸே வயதாகி 11 வோல்ட்தான் தருகிறது என்றால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அளவு எடுக்க வேண்டிய நேரம் இரவு, எடுக்க வேண்டிய இடம் கேமரா முனை. டிசி பின்னைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் எப்போதும் 12 என்றுதான் காட்டும். சுமை இல்லாதபோது இழப்பும் இல்லை. கேமரா எரிந்துகொண்டிருக்கும்போதே ஜாயின்ட்டில் மீட்டர் முனையை வையுங்கள். 10.5-க்குக் கீழே காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்து எஸ்எம்பிஎஸ் முனையில் அளவெடுங்கள். அங்கே 12 இருந்து கேமராவில் குறைந்தால் கோளாறு கம்பியிலோ மூட்டிலோ. அங்கேயே 11.5-க்குக் கீழ் என்றால் எஸ்எம்பிஎஸ்.

எஸ்எம்பிஎஸ் ஏன் சாகிறது என்பதில் ரகசியம் எதுவுமில்லை. அதற்குள் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூட்டில் உலர்ந்துபோகும் ஜாதி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. நம் வீடுகளில் அதை வைப்பது எங்கே? பரணில், அல்லது மொட்டைமாடிப் படிக்கட்டுச் சுவரில் இரும்புப் பெட்டிக்குள். மே மாதத்தில் அந்தப் பெட்டியைத் தொட முடியாது. புதிதாக வாங்கும்போது நாலு கேமராவுக்கு 12 வோல்ட் 5 ஆம்ப், எட்டுக்கு 10 ஆம்ப். கணக்குப்படி இதில் பாதி போதும். அரைச் சுமையில் ஓடினால் சூடு குறையும், அதுதான் காசு. இடத்தை மாற்றி வீட்டுக்குள் டிவிஆர் பக்கத்திலேயே வையுங்கள். பழையதைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றலாம் என்று யூடியூப் பார்த்து இறங்க வேண்டாம். உள்ளே 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

தூரக் கேமராவுக்கு இரண்டு எளிய வைத்தியம் உண்டு. எஸ்எம்பிஎஸ் முனையோரம் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை மெல்லத் திருப்பி 13 வோல்ட் வரை ஏற்றலாம். பெரும்பாலான கேமராக்களின் டேட்டா ஷீட் 12 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 25 சதவீதம் தாங்கும் என்றே சொல்கிறது. உங்களுடையதில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள், 13-ஐத் தாண்டாதீர்கள். இரண்டாவது வைத்தியம், 3+1-இல் சும்மா கிடக்கும் மூன்றாவது கம்பியை இரண்டு முனையிலும் நெகட்டிவோடு சேர்த்து முறுக்குவது. இழப்பு நாலில் ஒரு பங்கு குறையும். மைக் வைத்து அந்தக் கம்பியை ஆடியோவுக்குப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் இது ஆகாது. இரண்டும் போதவில்லையா, அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் 0.75 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் தனியாக இழுத்துவிடுங்கள்.

மூட்டு, வலை, பல்லி

கோஆக்சியல் கேபிள் முனையில் போடும் பிஎன்சி கனெக்டரில் மூன்று ரகம் புழங்குகிறது. வாலோடு வரும் மோல்டட் ரகம், திருகு ரகம், கருவியால் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் ரகம். மோல்டட் ரகத்தில் வாலையும் கேபிளையும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிறார்கள். 720பி காலத்தில் அது ஓடியது. 5 மெகாபிக்சலுக்கு ஓடாது: படத்தின் ஓரங்களில் நிழல் விழும், நிறம் வெளுக்கும், மழைக்காலத்தில் கோடு கோடாக வரும். பெட்டி மாற்றும்போது இரண்டு முனையிலும் கிரிம்ப் கனெக்டர் போடச் சொல்லுங்கள். நாலு கேமராவுக்கு எட்டு. கிரிம்பிங் கருவி இல்லாமல் வருகிறவர் திருகு ரகத்தைத்தான் போடுவார். வீட்டுக்குள் இருக்கும் முனைக்கு அது பரவாயில்லை, வெளியே வேண்டாம்.

வெளி முனையைப் பிரிக்கும்போது செம்பைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் 3 சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. பச்சை பூத்திருந்தால் அப்படிப் போட்டுப் பயனில்லை. பின்னல் கம்பி திரி மாதிரித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். 10, 15 சென்டிமீட்டர் வெட்டிப் பாருங்கள், நல்ல செம்பு வரும்வரை வெட்டுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர வீடுகளில் சில சமயம் ஒரு மீட்டர் போனாலும் பச்சைதான். அப்போது அந்த ஓட்டத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மூட்டை ஒரு பிவிசி ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து, கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையும்படியும் நுழைவதற்கு முன் ஒரு தொய்வு விழும்படியும் கட்டினால் மழைத்தண்ணீர் தொய்வில் சொட்டிவிடும். துளையை சிலிக்கானால் அடைக்க மறந்தால் பல்லி குடியேறும். அதன் எச்சம் செம்பை மழைத்தண்ணீரைவிட வேகமாக அரிக்கும்.

ராத்திரி வெண்புகைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் சிலந்திதான். அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், வலை லென்ஸுக்கு முன்னால் வெள்ளைத் திரையாக ஒளியைத் திருப்பும். மோஷன் அலாரம் ராத்திரி முழுக்க அடிப்பதும் இதனால்தான். மாதம் ஒருமுறை நீளக் கோலில் மென்துணி கட்டித் துடைப்பதுதான் பராமரிப்பு. தின்னர், பெட்ரோல், ஹார்பிக் எதுவும் வேண்டாம். டோம் கேமராவின் பிளாஸ்டிக் ஒருமுறை மங்கினால் மங்கியதுதான். துடைத்த பிறகும் புகை போகவில்லை என்றால் டோம் கீறலாகியிருக்கும், அல்லது ஓரத்து ரப்பர் வளையம் நழுவி எல்இடி வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே லென்ஸுக்கு ஏறுகிறது.

பகலில் மரம் செடியெல்லாம் ஊதா நிறத்தில் தெரிகிறதா? பகலில் அகச்சிவப்பைத் தடுக்க லென்ஸுக்குப் பின்னால் நகரும் ஐஆர் கட் ஃபில்டர் சிக்கிக்கொண்டிருக்கிறது. கேமராவை இருட்டாக்கி வெளிச்சமாக்கினால் ‘டிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கேமராவை மாற்றுங்கள். பிரித்துச் சரிசெய்கிற கூலி புதுக் கேமரா விலையைத் தொட்டுவிடும். படத்தில் கீழிருந்து மேலாக மெல்லப் பட்டைகள் ஊர்ந்தால் அது கேமரா முனைக்கும் டிவிஆர் முனைக்கும் உள்ள எர்த் வித்தியாசம். உலோக உடம்புக் கேமரா இரும்பு கிரில்லில் நேரடியாக முடுக்கப்பட்டிருக்கும். இடையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோ ரப்பர் வாஷரோ வைத்தால் போகும். டிவிஆர் பிளக்கில் எர்த் பின் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஐப்பசி இடியில் எரிகிற டிவிஆர் போர்ட்டுகளின் கதை பெரும்பாலும் எர்த் இல்லாத பிளக்கில்தான் ஆரம்பிக்கிறது.

இனிப் பெட்டி

5-இன்-1 என்றால் ஒரே பெட்டி ஐந்து மொழி பேசும் என்று அர்த்தம். ஹிக்விஷன் பக்கத்து டிவிஐ, டாஹுவா பக்கத்து சிவிஐ, பொதுவான ஏஹெச்டி, அந்தக் கால அனலாக் சிவிபிஎஸ், கடைசியாக ஐபி. சிபி பிளஸ் உட்பட இங்கே கிடைக்கும் பெரும்பாலான இன்றைய பெட்டிகள் இப்படித்தான். இதன் நிஜமான லாபம், எந்தக் கம்பெனி பழைய கேமராவும் எந்தக் கம்பெனி புதுப் பெட்டியிலும் ஏறும். நாலில் இரண்டை இந்த வருஷம், இரண்டை அடுத்த வருஷம் என்று மாற்றலாம். இந்த விஷயத்தில் பெட்டி சொன்னதைச் செய்கிறது. படம் வராமல் கறுப்பாகவோ கறுப்பு வெள்ளையாகவோ ஓடினால் கேமரா வேறு மொழியில் நிற்கிறது. கேமரா வாலில் ஒரு சின்னப் பொத்தானோ ஜாய்ஸ்டிக்கோ இருக்கும். எந்தப் பக்கம் அழுத்தினால் எந்த மொழி என்பது கேமரா தாளில் இருக்கும். ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மாறும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ‘டிவிஆருக்கு ஒத்துவரல’ என்று திருப்பிக் கொடுக்கப்படும் கேமராக்களில் பல இந்தப் பொத்தான் தெரியாததால் வந்தவை.

குறை எங்கே என்றால், அட்டைப்பெட்டி மேல் எழுதியிருப்பதும் உள்ளே பதிவாவதும் ஒன்றல்ல என்பதில். மலிவு டிவிஆர்களில் ‘1080பி லைட்’ அல்லது ‘1080என்’ என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும். கேமரா 1920×1080 அனுப்பும். பெட்டி அகலத்தைப் பாதியாக்கி 960×1080 ஆகப் பதிந்து, பார்க்கும்போது இழுத்துக் காட்டும். நேரலையில் அழகாக இருக்கும். பதிவைத் திறந்தால்தான் முகம் கரைந்திருப்பது தெரியும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் உறைக்கும். தெரியாத ஒரு ஆளை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறைத் தர அளவு. 1920 பிக்சலில் 7.7 மீட்டர் அகலம் வரை இது கிடைக்கும். சாதாரணமாகப் போடும் 3.6 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 80 டிகிரி பார்க்கிறது. அப்படியானால் கேமராவிலிருந்து 4.6 மீட்டர் தூரம் வரை முகம் தேறும். அதையே 960-ஆக நசுக்கினால் 2.3 மீட்டர். கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று ஒருமுறை அடி வைத்து அளந்து பாருங்கள். 5 மெகாபிக்சலில் 2560 பிக்சல், 6.1 மீட்டர் வரும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ‘முழு வாசலும் தெரியும்’ என்று விற்கப்படுகிறது. தெரியும்தான், ஆனால் 2 மெகாபிக்சலில் முகம் 3.2 மீட்டரோடு முடிந்துவிடும். கேட்டைப் பார்க்கும் கேமராவுக்கு 6 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 2.8 அல்லது 3.6 என்று கலந்து போடுவதுதான் புத்திசாலித்தனம். வண்டி நம்பர் பிளேட் ராத்திரியில் படிக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் பொதுக் கேமரா எதுவும் அதைப் படிக்காது.

எனவே வாங்கும்போது கேட்க வேண்டியது ‘எத்தனை மெகாபிக்சல்’ அல்ல. ஒரு சேனலுக்குப் பதிவு எத்தனை பிக்சல், விநாடிக்கு எத்தனை ஃபிரேம், எல்லாச் சேனலுக்கும் ஒரே நேரத்திலா என்பதுதான். பல 5 மெகாபிக்சல் பெட்டிகள் அந்தத் தரத்தில் விநாடிக்கு 10, 12 ஃபிரேம்தான் பதியும். வீட்டுக்கு அது போதும், ஆனால் தெரிந்து வாங்குங்கள். ‘மனிதர், வாகனம் மட்டும் அலாரம்’ என்னும் வசதியும் அப்படியே. நாலு சேனல் பெட்டியில் நாலுக்கும் கிடைக்கிறதா, ஒன்றிரண்டுக்கு மட்டுமா என்பது டேட்டா ஷீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். நாலுக்கும் கிடைக்கிற பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது தகும். தெருநாய், வாழை இலை, சிலந்தி எல்லாவற்றுக்கும் போன் அலறினால் பத்து நாளில் நீங்களே அலாரத்தை அணைத்துவிடுவீர்கள்.

பெட்டியை மாற்றிவிட்டுப் பழைய 1 மெகாபிக்சல் கேமராக்களையே வைத்துக்கொண்டால் புது மொந்தையில் பழைய கள். முகம் தெளியாது, பதிவு நாள் மட்டும் கூடும். அந்த நாள் கூடுவது சின்ன விஷயமில்லை. பழைய டிவிஆர் எச்.264 என்னும் பழைய சுருக்கும் முறையில் ஒரு 1080பி கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் எடுக்கிறது என்றால் நாளுக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 1 டிபி ஆறு நாள்கூட வராது. இன்னும் இறுக்கிச் சுருக்கும் எச்.265-இல் புதுப் பெட்டிக்கு 2 எம்பிபிஎஸ் போதும் என்றால் பதினோரு நாள் தாண்டும். 5 மெகாபிக்சலுக்குப் போய் 4 எம்பிபிஎஸ் வைத்தால் 2 டிபி போட்டால்தான் அதே பதினோரு நாள். ஊருக்குப் போய்வர இரண்டு வாரம் ஆகும் வீட்டுக்கு 2 மெகாபிக்சலிலேயே 2 டிபி வேண்டும், 5 மெகாபிக்சலுக்கு அதுவும் போதாது.

டிஸ்க்கில் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் இரவு பகல் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று செய்யப்பட்டவை. இரண்டில் எதை எடுத்தாலும் குறை சொல்ல ஏதுமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் போட்டு மிச்சம் பிடிப்பது வேண்டாம். புதிது என்று விற்கும் பழைய டிஸ்க் சந்தையில் நிறைய உண்டு. கண்டுபிடிப்பது எளிது: டிவிஆர் மெனுவில் டிஸ்க் பகுதிக்குள் ‘ஸ்மார்ட்’ என்று ஒரு அட்டவணை வரும். 9 என்ற எண் போட்ட வரியில் டிஸ்க் ஓடிய மணி நேரம் இருக்கும். புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தையொட்டி இருக்க வேண்டும்; 20,000 என்று இருந்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கோ உழைத்துவிட்டு வந்திருக்கிறது. 5, 197 என்ற எண் போட்ட வரிகள் பழுதான பகுதிகளைக் காட்டும். பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் டிஸ்க்கின் நாள்கள் எண்ணப்படுகின்றன. டிவிஆர் கத்துவதற்குக் காத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த மூன்று வரியைப் பாருங்கள்.

லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் டிவிஆரைத் தூக்கிப் போடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பவரை அணைத்து டிஸ்க் வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நன்றாக எழுந்தால் பெட்டி பிழைத்தது. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரத்தை முதுமையடைந்த அடாப்டரால் கொடுக்க முடியவில்லை. முதலில் அடாப்டரை மாற்றுங்கள், பிறகு டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். தேதி 2000-க்கோ 1970-க்கோ ஓடிவிட்டால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றி, நேர மண்டலம் 5:30, என்டிபி (இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி) ஆன் என்று வையுங்கள். மின்வெட்டு வந்தால் டிவிஆர் அணைந்து எழுகிறதா? இன்வெர்ட்டரை ‘யுபிஎஸ்’ நிலைக்குத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். ரவுட்டரையும் அதே லைனில் போடாவிட்டால் கேமரா ஓடும், போனில் படம் வராது.

கலர் நைட் கேமரா தேவையா

பெட்டியோடு கடைக்காரர் தள்ளும் அடுத்த பொருள் ராத்திரியிலும் நிறம் காட்டும் கேமரா. ஹிக்விஷன் இதைக் கலர்வியூ என்கிறது, எஃப்1.0 என்னும் அகலத் திறப்பு லென்ஸும் வெள்ளை எல்இடியும் சேர்ந்தது. சட்டை நிறம், வண்டி நிறம் தெரிவது பெரிய லாபம்தான். ஆனால் இரவு முழுக்க எரியும் வெள்ளை விளக்கு எதிர்வீட்டு ஜன்னலில் விழும், பூச்சி இரட்டிப்பாகும், மின்சாரமும் கூடும். அகலத் திறப்பு லென்ஸில் கிட்டேயும் எட்டேயும் ஒருசேரக் கூர்மையாக இருக்காது என்பதையும் கடையில் சொல்லமாட்டார்கள். தெருவிளக்கு விழும் வாசலுக்கு இது அருமை. மற்ற இடத்துக்கு இரட்டை விளக்குக் கேமரா வாங்குங்கள்: சாதாரணமாக அகச்சிவப்பில் ஓடும், ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் வெள்ளை விளக்கைப் போடும். அந்த விளக்கு எரிவதே பாதி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடும். வாங்கும் முன் டேட்டா ஷீட்டில் வாட் எண்ணை 12-ஆல் வகுத்து ஆம்ப் கண்டுபிடித்து, மேலே சொன்ன கம்பிக் கணக்கை இன்னொரு முறை போடுங்கள். கேபிள் வழியாகவே ஒலியையும் அனுப்பும் மைக் வைத்த ரகம் இருக்கிறது. பெட்டியும் அந்த வசதியைச் சொன்னால்தான் வேலை செய்யும்.

முழுக்க ஐபிக்கு மாறுவது எப்போது சரி? மாடி எழுப்பும்போது, சுவர் உடைத்து வயரிங் மாற்றும்போது, அல்லது எட்டு கேமராவுக்கு மேல் போகும்போது. அப்போது சுத்தச் செம்பு கேட்6 நெட்வொர்க் கேபிள், அதிலேயே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச், 100 மீட்டருக்குள் ஓட்டம். மற்றபடி எக்ஸ்விஆரில் ஒன்றிரண்டு ஐபி சேனல் கூடுதலாக வரும். புதிதாகச் சேர்க்கும் ஐந்தாவது கேமராவை அதில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படி வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்லி மத்திய அரசுச் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் சான்றிதழ் கேளுங்கள். சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் மத்திய அரசு விதி 2025 ஏப்ரல் 9 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

மாற்றும் நாள்

பழைய டிவிஆரைக் கழற்றும் முன் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து, ஒவ்வொரு கேபிளிலும் எண் ஒட்டுங்கள். பழைய டிஸ்க்கை வேறு கம்பெனிப் பெட்டியில் போட்டால் ஃபார்மேட் கேட்கும், சரி என்று அழுத்தினால் பழைய பதிவு போயிற்று. அதனால் புதுப் பெட்டிக்குப் புது டிஸ்க். பழைய பெட்டியை டிஸ்க்கோடு ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள்.

அடுத்தது அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். பொருத்த வருகிறவர் வேலை சீக்கிரம் முடிய, பெட்டியைத் தன் போனில் இருக்கும் ஆப்பில், தன் கணக்கில் பதிந்துவிட்டு, உங்களுக்கு ‘ஷேர்’ செய்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து உங்கள் வீட்டின் உண்மையான உரிமையாளர் கணக்கு அவருடையது. ஆப்பை முதலில் உங்கள் போனில் போட்டு, உங்கள் எண்ணில் கணக்குத் திறந்து, பெட்டியின் கியூஆரை நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். ஏற்கெனவே அவர் கணக்கில் இருந்தால் அவரை வைத்தே நீக்கச் சொல்ல வேண்டும். பின்னால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அட்மின் கடவுச்சொல்லும், அதை மீட்க வைக்கும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ரவுட்டரில் 80, 554, 8000, 37777 போர்ட்டுகளை (இணையத்திலிருந்து டிவிஆருக்கு வரும் வழிகளை) யாராவது முன்பு திறந்துவிட்டிருந்தால் மூடுங்கள், அவற்றைத் தானாகவே திறந்துவிடும் யுபிஎன்பியை அணையுங்கள். 2016-இல் மிராய் என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பிடித்து அடிமையாக்கியது இணையத்துக்குத் திறந்து கிடந்த, கம்பெனி போட்ட கடவுச்சொல்லையே மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும்தான். 2021-இல் ஹிக்விஷன், டாஹுவா இரண்டு கம்பெனிச் சாதனங்களிலும் கடவுச்சொல் இல்லாமலே நுழையும் ஓட்டைகள் வெளியாயின. இரு கம்பெனிகளும் திருத்தம் வெளியிட்டன. அந்தத் திருத்தத்தை ஏற்றாத பெட்டிகள் இன்னும் பல வீட்டில் ஓடுகின்றன. அந்தத் திருத்தம் வரும் ஃபர்ம்வேரை (பெட்டியின் உள் மென்பொருளை) கம்பெனியின் இந்தியத் தளத்திலிருந்து, அதே மாடல் எண்ணுக்கு மட்டும் இறக்குங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் பெட்டி எழாமல் செங்கலாகிவிடும். இன்வெர்ட்டர் லைனில் வைத்துச் செய்யுங்கள்.

கேமராவோடு அலாரம் பேனலும் இருக்கும் வீடுகளில் இரண்டே கவனம். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம்தான். மெயினை அணைத்து அரை மணி நேரம் விட்டு அளந்து, 12-க்குக் கீழ் போனால் மாற்றுங்கள். பேனல் 2ஜி சிம்மில் போன் செய்யும் ரகம் என்றால் அதில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவில் 2ஜியே கிடையாது. சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருப்பதைத் திருடன் வந்த பிறகு கண்டுபிடிக்கும் வீடுகளும் இருக்கின்றன.

ஏஎம்சி என்னும் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கலாமா என்றால், நாலு கேமரா வீட்டுக்கு வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து துடைத்துவிட்டுப் போகும் ஒப்பந்தத்தில் எஸ்எம்பிஎஸ், டிஸ்க், அடாப்டர் எதுவும் சேராது, போவது அவைதான். எட்டு, பதினாறு கேமரா வைத்த அடுக்குமாடிச் சங்கங்கள் எடுக்கலாம். எடுத்தால் ஒவ்வொரு வருகையிலும் கேமரா முனை வோல்டேஜ், ஸ்மார்ட் அட்டவணை, எத்தனை நாள் பதிவு இருக்கிறது ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் நிபந்தனையோடு.

பதிவு போலீஸுக்குத் தேவைப்பட்டால் போனில் திரையைப் படமெடுத்து அனுப்புவது துப்புக்கு உதவும், வழக்குக்கு உதவாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) போட்ட சான்றிதழ் வேண்டும். எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில், பெட்டியின் சொந்த வடிவத்தில், அதன் பிளேயரோடு சேர்த்து எடுங்கள். டிவிஆர் கடிகாரம் நிஜ நேரத்திலிருந்து எத்தனை நிமிஷம் தள்ளி இருக்கிறது என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதினோரு நாளில் பழையது அழியும் என்பதால் இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளக்கூடாது.

அலமாரியில் ஒரு மாதம் இருந்த பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும்போது டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். டிவிஆர் மெனுவில் ஃபார்மேட் கொடுத்தால் பட்டியல்தான் அழியும். நீங்கள் எத்தனை மணிக்குப் பூட்டுகிறீர்கள், சாவியை எந்தத் தொட்டியின் அடியில் வைக்கிறீர்கள் என்பதெல்லாம் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் அப்படியே இருக்கும். டிரில்லில் 6 மில்லிமீட்டர் பிட் மாட்டி, தட்டு இருக்கும் இடத்தில் மூன்று துளை.